நாற்பத்து மூன்று பவுண்டு டிரவுட் எங்கே போயிற்று

வாக்குமூலம் கொடுப்பவர் பெயர்: டெல்ஃபின் மெர்க்ரெடி. வயது: 46. இனம்: டெனெ (வட கனடாப் பழங்குடி). தொழில்: மீன்பிடிப் படகு வழிகாட்டி. குடியிருப்பு: எத்தென் ஏரி வடகரை, பிளாக் பாயிண்ட், தேவாலயத்துக்குப் பின்வரிசை, நீலக் கதவு வீடு. எழுதிக்கொள்பவர்: மீன்வள அலுவலர் ஆரன் லின்ட். இடம்: பிளாக் பாயிண்ட் மீன்வளச் சாவடி. நாள்: ஆகஸ்ட் 9, சனிக்கிழமை.

நான் மேற்கண்ட விலாசத்தில் பிறந்தது முதல் குடியிருந்து வருகிறேன். கோடைக்காலத்தில் எத்தென் ஏரியின் கிழக்குக் கிளையில் இருக்கும் மீன்பிடி முகாமில் படகு ஓட்டி, வெளியூர் விருந்தினர்களுக்கு மீன் இருக்கும் இடம் காட்டும் வேலை செய்கிறேன். குளிர்காலத்தில் வீட்டுக்கு எதிரே பனிக்கட்டிக்கு அடியில் வலை போட்டு, என் வீட்டுக்கும் பக்கத்து வீடுகளுக்கும் நாய்களுக்கும் மீன் எடுக்கிறேன். மேற்படி முகாமின் உரிமையாளர் ரோண்டா கெல்சோ. நான் அவரிடம் பத்தொன்பது கோடைகளாக வேலை செய்கிறேன். என் மீது இதுவரை எந்தப் புகாரும் கிடையாது. உண்மையைச் சொன்னால் என் வழிகாட்டி உரிமம் ரத்தாகலாம் என்று அலுவலர் எழுதத் தொடங்கும் முன்பே எச்சரித்தார். புரிந்துகொண்டுதான் சொல்கிறேன்.

புகார் கொடுத்த டேல் ஹோவர்மேன் என்பவரை எனக்கு நான்கு வருடமாகத் தெரியும். அமெரிக்காவில் மினசோட்டாவில் வீடுகளுக்குக் கூரை போடும் ஒப்பந்தக்காரர். நல்ல உழைப்பாளி, கையைப் பார்த்தாலே தெரியும். ஒவ்வொரு கோடையும் ஒரு வாரம் வருவார். நாற்பது பவுண்டுக்கு மேல் ஒரு டிரவுட் மீன் பிடித்துவிட வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. பெரிய மீனைப் பிடித்து உயிரோடு விட்டவர்களுக்கு முகாமில் ஒரு பித்தளைப் பட்டயம் கொடுத்து, சாப்பாட்டு அறைச் சுவரில் பெயரையும் பொறிப்பார்கள். அந்தச் சுவருக்கு எதிரேதான் அவர் எப்போதும் உட்காருவார். முகாமின் அனுமதிப் பத்திரத்தின்படி பெரிய டிரவுட்டை யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது, விட்டுவிட வேண்டும். கரையில் மதியச் சாப்பாட்டுக்குச் சின்ன மீன்களை மட்டும் எடுக்கலாம்.

செவ்வாய்க்கிழமை காலை நான் அவரைப் படகில் ஏற்றிக்கொண்டு முதலில் கோரைப்புல் குடாவுக்குப் போனேன். அங்கே பைக் மீன் நிறைய இருக்கும். அவர் இரண்டு பைக் பிடித்தார். இரண்டாவது பைக்கின் வாயில் விரலை விட்டுத் தூண்டிலைக் கழற்றப் போனார், நான் இடுக்கியை நீட்டுவதற்குள் பல் பட்டு ரத்தம் வந்துவிட்டது. ஒவ்வொரு வருடமும் இதையே செய்கிறார். பக்கத்துப் படகை ஓட்டிய என் சித்தி மகன் ஃபெலிக்ஸ், "அக்கா, உன் ஆளு இன்னிக்கும் விரலத்தான் இரையா போடறாரு போலருக்கே" என்றான். டேலுக்கு எங்கள் மொழி தெரியாது. ஆனாலும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

அதன் பிறகு காற்று குறைந்ததால் நடு ஏரிப் பாறைத்திட்டுக்குப் போனோம். அங்கே திடீரென்று ஆழம் விழும். நான் தகட்டுத் தூண்டிலின் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கி, கனத்த ஈயம் கட்டி இறக்கிக் கொடுத்தேன். மீனுக்குக் காயம் குறைய வேண்டும் என்பதற்காக முகாமில் எல்லாத் தூண்டில்களையும் இப்படித்தான் நசுக்குவோம். சிறிது நேரத்தில் கோல் வளைந்தது. முதலில் அவர் பாறையில் மாட்டிக்கொண்டது என்று நினைத்தார். "பாறை இப்படித் தலைய ஆட்டாது டேல், விட்டுக் குடுங்க" என்று சொன்னேன். அதன் பிறகு அவர் வெகு நேரம் இழுத்தார். நான் சொன்னதைவிட வேகமாக இழுத்தார். ஆழத்து டிரவுட்டை அவசரமாக மேலே கொண்டுவந்தால் அதன் வயிற்றில் காற்று உப்பிவிடும். இதை நான் அவரிடம் இரண்டு முறை சொன்னேன்.

மீன் கைவலைக்குள் வந்ததும் அவர் படகின் பலகையில் உட்கார்ந்து அழுதார். அதை நான் குறை சொல்லவில்லை. மீன் பழுப்பும் பச்சையுமாக, தலை அகலமாக, தாடை வளைந்து இருந்தது. முதுகுத்துடுப்பில் அரைவட்டமாக ஒரு பழைய கடி. சின்ன வயதில் பைக் ஏதாவது கடித்திருக்கும். இந்த ஏரியில் டிரவுட் அந்த அளவுக்கு வளர எத்தனை வருடம் ஆகும் என்று அலுவலருக்கே தெரியும். அந்த மீன் என்னைவிட வயதில் மூத்தது என்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. வலையோடு தூக்கி நிறுத்தோம். வலையின் எடையைக் கழித்து நாற்பத்து மூன்று பவுண்டு.

பெரிய மீனைப் படத்துக்காக வெளியே தூக்கும்போது நான் ஒரு வேலை செய்வேன். மீன் தண்ணீரைவிட்டு வந்ததும் என் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். எனக்கு மூச்சு முட்டினால் மீனுக்கும் முட்டிவிட்டது என்று அர்த்தம், உடனே தண்ணீருக்குள் போயாக வேண்டும். விருந்தினர்கள் எல்லோருக்கும் இதை முதல் நாளே சொல்லிவிடுவேன், பெரும்பாலானவர்கள் மதிப்பார்கள். டேல் முதலில் தொப்பியோடு படம் எடுக்கச் சொன்னார். எனக்கு மூச்சு முட்டியது. "போதும், எறக்குங்க" என்றேன். "ஒண்ணே ஒண்ணு, கண்ணாடிய கழட்டிட்டு" என்றார். அதன் பிறகு மீனின் முகம் வெயிலுக்கு வர வேண்டும் என்று திரும்பி உட்கார்ந்தார். மீன் ஒரு துள்ளு துள்ளி அவர் மடியிலிருந்து வழுக்கிப் படகின் அடித்தட்டில் விழுந்தது. "எறக்குங்கன்னு சொல்றேன்ல!" என்று கத்தினேன். விருந்தினரிடம் நான் கத்தியது அதுதான் முதல் முறை. அவர் மறுபடியும் தூக்கி இன்னொரு படம் எடுக்கச் சொன்னார். அதற்குள் நான் மூன்று முறை மூச்சு விட்டு மூன்று முறை பிடித்திருந்தேன்.

அதன் பிறகு நான் மீனை அவரிடமிருந்து வாங்கித் தண்ணீரில் வைத்து, வயிற்றைப் பின்னாலிருந்து முன்னால் மெதுவாகத் தடவி உப்பிய காற்றை ஏப்பமாக வெளியேற்றினேன். வாலைப் பிடித்துக்கொண்டு செவுளில் தண்ணீர் போகும்படி முன்னும் பின்னும் ஆட்டினேன். ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து வந்தது. கடைசியில் வாலை ஒரு தட்டுத் தட்டிக் கீழே போயிற்று. அந்த ஒரு தட்டைத்தான் டேல் கைபேசியில் ஓடும் படமாக எடுத்து, புகாரோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறார். அந்தப் படம் பொய் இல்லை. அதற்குப் பிறகு நடந்தது அதில் இல்லை, அவ்வளவுதான்.

நாங்கள் தூண்டிலைச் சரிசெய்துகொண்டிருந்தபோது படகுக்குப் பின்னால் கல்லெறி தூரத்தில் வெள்ளையாக ஒன்று மேலே வந்தது. வயிறு மேலாக மிதந்தது. அதற்குள் கடற்காகங்கள் கூடிவிட்டன. நான் படகைத் திருப்பினேன். டேல் என் தோளைப் பிடித்தார்.

"எங்க போற?"

"உங்க மீன் செத்து மெதக்குது."

"அது என் மீன் இல்ல. என் மீன் கீழ போயிடுச்சு, நீயும்தான பார்த்த."

"முதுகுத்துடுப்ப பாருங்க, டேல்."

அவர் பார்த்தார். கையை என் தோளிலிருந்து எடுத்துக்கொண்டார். பிறகு, "நான் விட்டாச்சு. சட்டப்படி விட்டாச்சு. இனி அதத் தொட்டா நீயும் நானும் மாட்டிக்குவோம். படக எடு" என்றார். அவர் சொன்னது சட்டப்படி சரிதான். செத்தாலும் பெரிய மீனை எடுக்கக் கூடாது என்றுதான் விதி. நான் படகை எடுத்தேன். மீதிப் பகல் முழுவதும் அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. என்னால் திரும்பாமல் இருக்க முடியவில்லை.

விதி தெரிந்தும் ஏன் அதோடு விடவில்லை என்று இந்த இடத்தில் அலுவலர் கேட்டதற்கு என் பதில்: மீனைப் பிடித்துப் பிடித்து விடுவதை எங்கள் ஜனங்கள் மீனோடு விளையாடுவது என்று சொல்வார்கள், அதை நல்ல காரியமாக நினைக்க மாட்டார்கள். நான் அதைச் சம்பளத்துக்காகச் செய்கிறேன். மீன் உயிரோடு போனால் மனதைச் சமாதானப்படுத்திக்கொள்கிறேன். ஆனால் கொன்ற மீனைச் சாப்பிடாமல் போடுவது வேறு. கொன்றவர் சாப்பிட வேண்டும். அதுதான் எங்கள் வழக்கம். அதற்கு விதிவிலக்கு எதுவும் நான் கேள்விப்பட்டதில்லை.

அன்று மாலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, வெளிச்சம் நன்றாக இருக்கும்போதே, நானும் ஃபெலிக்ஸும் சின்னப் படகில் போனோம். காற்று மீனைத் தெற்குக் கரைக் கற்களுக்குத் தள்ளியிருந்தது. ஒரு கண்ணைக் கடற்காகம் கொத்திவிட்டது. தண்ணீர் ஜில்லென்று இருந்ததால் சதை கெடவில்லை.

"அக்கா, இத எடுத்தா உன் லைசென்ஸ் போயிரும்."

"எடுக்கலன்னா?"

"காக்காவுக்குப் போயிரும்."

"அப்ப புடி."

"இரு, மொதல்ல கும்பிட்டுக்கறேன். என்ன இருந்தாலும் உனக்கும் மூத்தவரு" என்றான். அவன் கேலிக்குத்தான் சொன்னான். ஆனால் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் வாலைப் பிடித்தான். நான் காணிக்கையாகக் கொஞ்சம் புகையிலையைத் தண்ணீரில் போட்டு, "மார்சி" என்று நன்றி சொல்லி எடுத்தேன். ஃபெலிக்ஸ் உதவிக்கு வந்தவன் மட்டுமே. எடுக்கலாம் என்று முடிவு செய்தது நான்.

அதன் பிறகு மீனை அங்கேயே கரையில் அறுத்தேன். எலும்புகளைத் திரும்ப ஏரியில் போட்டோம். தலையை வேகவைத்து நானும் ஃபெலிக்ஸும் சாப்பிட்டோம். கொஞ்சம் சதையை நான் தனியே எடுத்துவைத்தேன்; மீதிச் சதை முழுவதையும் அவன் மறுநாள் சாமான் படகில் பிளாக் பாயிண்டுக்குக் கொண்டுபோய் ஆறு வீடுகளில் கொடுத்தான். தோலைத் துடுப்போடு சேர்த்து உரித்து, வழிகாட்டிகள் தங்கும் குடிசைக்குப் பின்னால் பலகையில் ஆணி அடித்துக் காயப்போட்டேன். பெரிய மீன் தோலில் எங்கள் வீட்டில் பை தைப்பது வழக்கம். மறைத்து வைக்கவில்லை. மறைக்க நினைத்திருந்தால் அங்கே அடித்திருக்க மாட்டேன்.

புதன்கிழமை மதியம் டேலை மான்கொம்புத் தீவில் இறக்கி, கரையில் தீ மூட்டி, வழக்கம்போல இரும்புச் சட்டியில் பன்றிக்கொழுப்பைக் காயவைத்து, உருளைக்கிழங்கும் வெங்காயமும் வதக்கி, டப்பா பீன்ஸைச் சூடாக்கி, பானக் என்ற எங்கள் ஊர் ரொட்டி சுட்டேன். அவருக்கு வைத்திருந்த துண்டுகளை மாவில் புரட்டிப் பொரித்தேன். அது அந்த டிரவுட்டின் வயிற்றுப் பக்கத்துக் கொழுத்த சதை, மீனிலேயே நல்ல பாகம் அதுதான். வேறு மீன் எதுவும் அன்று சட்டியில் இல்லை. டேல் நான்கு துண்டு சாப்பிட்டார். "டெல், நாலு வருஷமா உன் சமையல சாப்பிடறேன், இந்த மாதிரி ஒரு மீன் சாப்பிட்டதே இல்ல" என்றார். தட்டை ரொட்டியால் துடைத்துத் தின்றார். நான் எதிரே உட்கார்ந்து அவர் முழுங்குகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன மீன் என்று அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை. அன்று எனக்கு மனசு ஆறியது என்பதையும் எழுதிக்கொள்ளலாம்.

வியாழக்கிழமை மாலை டேல் எனக்கு ஒரு புதுத் தூண்டில் சக்கரம் பரிசாகக் கொண்டுவந்து, என்னைத் தேடிக் குடிசைக்குப் பின்னால் வந்தார். பலகையில் இருந்த தோலைப் பார்த்தார். கைபேசியில் இருந்த படத்தைத் துடுப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"இது என் மீன்."

"ஆமா, உங்க மீன்தான்."

"நான் உயிரோட விட்ட மீன்! நீ பின்னாடியே போய் வலை போட்டுத் திருடியிருக்க."

"நீங்க விட்டீங்க. அது போகல. உங்களுக்கே தெரியும்."

அவர் சத்தம் போட்டதில் ரோண்டா சமையல்கட்டிலிருந்து கையில் மாவோடு ஓடிவந்தார். டேல் அவரிடம், தான் விட்ட சாதனை மீனை வழிகாட்டியே கொன்றுவிட்டாள் என்றும், சுவரில் தன் பெயர் வந்தாக வேண்டும், அந்த மீன் உயிரோடு போனதற்கு ஓடும் படம் சாட்சி என்றும் சொன்னார். தூண்டில் சக்கரத்தையும் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

அதன் பிறகு ரோண்டா என்னைச் சமையல்கட்டுக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். எங்கள் ஜனங்களுக்கு அரசோடு செய்த பழைய ஒப்பந்தப்படி சாப்பாட்டுக்காக வலை போட்டு எந்த அளவு மீனும் எடுக்க உரிமை உண்டு. அது ரோண்டாவுக்கும் தெரியும்.

"டெல், வலையில புடிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. உன்ன யாரும் ஒண்ணும் கேக்க முடியாது. அவர் விட்டது விட்டதாவே இருக்கும், பட்டயம் குடுத்துடலாம். என் கேம்ப் பேரும் கெடாது. இதுல யாருக்கு நஷ்டம்?"

"மீனுக்கு."

"மீன்தான் செத்துப் போச்சே!"

"அதான்."

"அய்யோ, உங்கிட்ட மனுஷி பேசுவாளா!"

"ரோண்டா, நேத்து மதியம் அவர் தட்டுல இருந்தது எதுன்னு நெனைக்கிறீங்க?"

ரோண்டா மாவு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். கையிலிருந்த மாவைத் தட்டிக்கொண்டே, "அத மட்டும் அவர்கிட்ட சொல்லித் தொலைக்காத, தாயே" என்றார். ரோண்டா கெட்டவர் இல்லை. என் மகள் பிரசவத்துக்குத் தன் செலவில் விமானம் வரவழைத்தவர். அவருக்கு இதனால் கஷ்டம் வரும் என்பதுதான் எனக்கு இன்றுவரை உறுத்துகிறது.

ஃபெலிக்ஸும் அன்று என்னைத் திட்டினான். "ஒரு பொய் சொல்றதுக்கு உனக்கு என்னக்கா வலிக்குது? தெனமும் விருந்தாளிங்ககிட்ட 'பிரமாதமா தூண்டில் வீசறீங்க'ன்னு சொல்றியே, அது என்னவாம்?" என்றான். "அது மனுஷனப் பத்தின பொய்டா. அது சொல்லலாம்" என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை மிதவை விமானத்தில் டேல் ஊருக்குப் போனார். போகும்போதே புகாரை எழுதி விமானியிடம் கொடுத்து இந்தச் சாவடிக்கு அனுப்பினார்.

வலையில் பிடித்ததாகச் சொன்னால் உரிமம் தப்பும், அப்படி ஏதாவது நடந்ததா என்று அலுவலர் கேட்டார். நடக்கவில்லை. அந்த மீன் என் வலைக்கு வரவில்லை. மீனைப் பற்றிப் பொய் சொன்னவர் வலைக்கு மீன் வராது என்பார்கள்; வராத மீனை வந்தது என்று சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது. கேட்பவர்கள் சிரிக்கலாம். ஆனால் நவம்பரில் பனிக்கட்டியில் துளை போட்டு வலை இறக்கப் போவது நான்தான், அதை நம்பி உட்கார்ந்திருப்பது ஆறு வீடுகள். உரிமம் போனால் கோடைக்கு வேறு வேலை தேட வேண்டும், எனக்குப் படகைத் தவிர ஒன்றும் தெரியாது, அது எனக்கு வருத்தம்தான். வலை காலியாக வருவது அதைவிடப் பெரிய வருத்தம். பெரிய மீனை எடுத்தது விதிப்படி குற்றம். எடுத்தேன். அதற்கு என்ன தண்டனையோ அது எனக்கு. ஆனால் அதைக் கொன்றது நான் இல்லை என்பது இந்தக் காகிதத்தில் இருக்க வேண்டும்.

புகாரின் கடைசி வரியில் டேல், "என் மீன் இப்போது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்" என்று எழுதியிருப்பதாக அலுவலர் படித்துக்காட்டினார். புகார்தாரரின் கேள்விக்கு எழுத்தில் பதில் அனுப்புவது இந்த அலுவலக நடைமுறை என்றும் சொன்னார். நான் பதில் சொன்னேன். அலுவலர் பேனாவை வைத்துவிட்டு, "டெல்ஃபின், இத இப்படியே எழுதவா?" என்றார். இப்படியே எழுதுங்கள் என்றேன்.

பதில்: ஒரு கண் கடற்காகத்திடம். எலும்பு ஏரியில். தலை என்னிடமும் ஃபெலிக்ஸிடமும். பெரும்பகுதிச் சதை ஆறு வீடுகளில். நான் கொண்டுவந்த தோல் இந்தச் சாவடி மேசையில். மீனிலேயே நல்ல பாகம் புதன்கிழமை மதியம் மான்கொம்புத் தீவில் டேல் ஹோவர்மேனின் தட்டில் இருந்தது. நான்கு துண்டு, மிச்சம் வைக்கவில்லை. மீனை விட்டுவிட்டதாக அவர் எழுதியிருக்கிறார். அவர் அதைச் சாப்பிட்டார்.

மேலே உள்ளதை அலுவலர் எனக்கு எங்கள் மொழியிலும் சொல்லிக்காட்டினார். நான் கண்டதும் செய்ததும் தவிர இதில் எதையும் கூட்டவில்லை, எதையும் நான் விடவில்லை. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) டெல்ஃபின் மெர்க்ரெடி

என் முன்பாக,
(ஒப்பம்) ஆரன் லின்ட், மீன்வள அலுவலர்
நகல்: புகார்தாரருக்கு.